படித்தது ஏன் தங்குவதில்லை? மாணவர்களும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள்

25 ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் கணக்குப் பாடம் எடுத்தேன். பெற்றோர் கூட்டத்திலும், பஸ் ஸ்டாண்டிலும், கல்யாண வீட்டுப் பந்தியிலும் இதே கேள்விகளைத்தான் கேட்பார்கள். அன்று நான் சொல்லி அனுப்பிய பதில்களில் பல தவறானவை. மனிதர்கள் எப்படிக் கற்கிறார்கள் என்பதைப் பற்றிய ஆய்வுகளை உட்கார்ந்து படிக்கத் தொடங்கியதே மிகத் தாமதமாகத்தான். அப்போது சொல்லத் தெரியாமல் போனதை இங்கே எழுதுகிறேன்.

என் மகன் நேற்று ராத்திரி பாடம் முழுவதையும் படித்து என்னிடம் ஒப்பித்தான். இன்று தேர்வில் பாதி மறந்துவிட்டது என்கிறான். படிக்காமல் ஏமாற்றுகிறானா?

ஏமாற்றவில்லை. நேற்று அவனுக்குத் தெரிந்தது நிஜம், இன்று வராததும் நிஜம். படித்த சூட்டோடு ஒப்பிக்கும்போது பாடம் காதில் இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கும். அது மனதில் தங்கியதா என்று அந்த நேரத்தில் அவனுக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் இதைத் தன்னையே வைத்து அளந்து பார்த்து 1885-இல் வெளியிட்டார். பொருளே இல்லாத அசைகளை வரிசையாக அடுக்கி, தப்பில்லாமல் சொல்ல வரும்வரை உருப்போடுவார். சிறிது நேரம் கழித்து அதே வரிசையை மறுபடி உருப்போடுவார். முதல் தடவையோடு ஒப்பிட்டால் இரண்டாவது தடவை எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்று கணக்கெடுப்பார். சுமார் 20 நிமிட இடைவெளி விட்டபோது 58 சதவீதம் மிச்சமானது. ஒரு மணி நேரத்தில் அது 44 ஆனது, ஒரு நாளில் 34, ஒரு மாதத்தில் 21. இதே சோதனையை நெதர்லாந்து ஆய்வாளர்கள் திரும்பச் செய்து 2015-இல் வெளியிட்டார்கள். ஏறத்தாழ அதே வளைவுதான் வந்தது.

அந்த எண்களில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. மறதி முதல் சில மணி நேரத்தில்தான் சரசரவென்று இறங்குகிறது, அப்புறம் மெதுவாகிவிடுகிறது. இன்னொன்று, ஒரு மாதம் கழித்தும் ஐந்தில் ஒரு பங்கு உழைப்பு மிச்சமாகிறது. சுத்தமாக மறந்துபோனதாக நினைக்கும் பாடம்கூட முழுதாக அழிவதில்லை, அடுத்த முறை சீக்கிரம் வந்துவிடும். எபிங்ஹவுஸ் படித்தது வெறும் அசைகள். பொருள் புரிந்து படித்த பாடம் இவ்வளவு வேகமாகக் கரையாது.

உங்கள் மகனைத் திட்டாதீர்கள். இன்று சாயங்காலம் அதே பாடத்தை மறுபடி கேளுங்கள்.

மறக்காமல் இருக்கத்தானே திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்கிறோம்?

நானும் அதைத்தான் சொன்னேன். தப்பு விட்ட விடையை ஐந்து முறை பார்த்து எழுதச் சொல்லி இம்போசிஷனும் கொடுத்தேன். பிள்ளைகளின் மணிக்கணக்கான நேரத்தை அதில் வீணாக்கினேன் என்ற வருத்தம் இன்றும் எனக்கு இருக்கிறது.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் இருக்கும் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக்கி இருவரும் 2006-இல் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். மாணவர்களிடம் ஒரு சின்ன உரைநடைப் பகுதியைக் கொடுத்தார்கள். சிலர் அதை இரண்டு தடவை வாசித்தார்கள். மற்றவர்கள் ஒரு தடவை மட்டும் வாசித்துவிட்டு, பார்க்காமல், நினைவில் இருந்ததை வெள்ளைத்தாளில் எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துத் தேர்வு வைத்தபோது இரண்டு தடவை வாசித்தவர்களே முன்னால் நின்றார்கள்: 81 சதவீதம், மற்றவர்கள் 75. ஒரு வாரம் கழித்து வைத்தபோது கதை மாறியது. இரண்டு தடவை வாசித்தவர்கள் 42 சதவீதத்துக்கு இறங்கிவிட்டார்கள், எழுதிப் பார்த்தவர்கள் 56-இல் நின்றார்கள்.

அடுத்த சோதனையில் ஒரு குழு நான்கு முறையும் வாசித்தது. இன்னொரு குழு ஒரு முறை வாசித்து மூன்று முறை நினைவிலிருந்து எழுதியது. ஒரு வாரத்தில் முதல் குழு 40 சதவீதம், இரண்டாவது குழு 61. என்னை உலுக்கியது வேறொன்று. "ஒரு வாரம் கழித்து எவ்வளவு ஞாபகம் இருக்கும்?" என்று முன்கூட்டியே கேட்டபோது, அதிக நம்பிக்கையோடு பதில் சொன்னது நான்கு முறையும் வாசித்த குழுதான்.

காரணம் இதுதான். திரும்பத் திரும்ப வாசித்தால் பாடம் பழகிவிடுகிறது. பழகியதைத் தெரிந்ததாக மனம் எடுத்துக்கொள்கிறது. தெருவில் எதிரே வருகிறவரின் முகம் நன்றாகத் தெரியும், பெயர் மட்டும் வராது, இல்லையா? தேர்வு கேட்பது பெயரை. புத்தகத்தை எத்தனை முறை பார்த்தாலும் பழகுவது முகம் மட்டும்தான். பெயரைத் தேடி எடுக்கிற பழக்கம், தேடி எடுத்தால்தான் வரும்.

பல ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து ஜான் டன்லோஸ்கியும் அவரது குழுவினரும் 2013-இல் பத்து படிப்பு முறைகளை எடைபோட்டார்கள். கோடு போட்டுப் படிப்பதும் மறுவாசிப்பும் கீழே போயின. தன்னைத்தானே சோதித்துக்கொள்வதும், இடைவெளி விட்டுப் படிப்பதும் மேலே வந்தன.

சரி, இந்த "மூடிவைத்துச் சொல்லிப் பார்ப்பதை" வீட்டில் எப்படிச் செய்வது?

ஒரு பக்கம் வாசித்ததும் புத்தகத்தை மூடச் சொல்லுங்கள். ரஃப் நோட்டில் நினைவுக்கு வருவதை எழுதட்டும். வரிசை வேண்டாம், அழகான கையெழுத்து வேண்டாம், படமாகக்கூட இருக்கலாம். இனி வராது என்ற இடம் வந்ததும் புத்தகத்தைத் திறந்து, விட்டதை வேறு நிற பேனாவால் சேர்க்கட்டும். இந்தச் சரிபார்ப்பை விட்டுவிடக் கூடாது, தவறாக எடுத்தது அப்படியே பதிந்துபோகும். அடுத்த நாள் அந்த வேறு நிற வரிகளிலிருந்து ஆரம்பித்தால் போதும்.

புக் பேக் கேள்விகளைப் பாடம் படித்து முடித்த பிறகுதான் தொட வேண்டும் என்றில்லை. பாடத்தைத் தொடங்கும் முன்பே இரண்டு கேள்விகளுக்கு ஊகித்து விடை சொல்லச் சொல்லுங்கள். பிள்ளை தப்பாகத்தான் சொல்லும், பரவாயில்லை. முயன்று தவறி, உடனே சரியான விடையைப் பார்த்தவர்களுக்கு, நேரடியாக விடையை மட்டும் படித்தவர்களைவிட நன்றாகத் தங்குகிறது என்று 2009-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. முயற்சி மனதைத் தோண்டிவைக்கிறது, விடை அந்தக் குழியில் விழுகிறது.

இதற்கு உங்களுக்குப் பாடம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எழுதப் படிக்கத் தெரியாத அம்மாக்களும் இதை நன்றாகச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டே "இன்னைக்கு சயின்ஸ்ல என்ன சொல்லித் தந்தாங்க? எனக்குப் புரியற மாதிரி சொல்லு" என்று கேட்டால் போதும். பிள்ளை யோசித்துக்கொண்டு சும்மா இருக்கும் அந்தச் சில நொடிகளில் வாயைத் திறக்காமல் இருப்பதுதான் கஷ்டம். எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். தேடிக்கொண்டிருக்கும் அந்த நேரத்தில்தான் வேலை நடக்கிறது.

இதற்கு மார்க் போடாதீர்கள். மார்க் வந்தால் பயம் வரும். அப்புறம் எது தெரியவில்லை என்பதை உங்களிடமிருந்து ஒளிக்கப் பிள்ளை பழகிவிடும்.

ஒரு பாடத்தை எத்தனை நாளுக்கு ஒரு முறை திரும்பப் பார்க்க வேண்டும்?

எவ்வளவு காலம் நினைவில் வேண்டும் என்பதைப் பொறுத்தது. 1,350-க்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்து 2008-இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், ஒரு வாரத்தில் தேர்வு என்றால் முதல் படிப்புக்கும் இரண்டாம் படிப்புக்கும் இடையே ஒரு நாள் விட்டவர்கள் நன்றாகச் செய்தார்கள். ஓர் ஆண்டு போல நெடுங்காலம் நிற்க வேண்டும் என்றால் சுமார் மூன்று வார இடைவெளி நன்றாக வேலை செய்தது. ஆகவே காலாண்டுத் தேர்வுக்குப் படிப்பதும் பொதுத் தேர்வுக்குப் படிப்பதும் ஒரே கால அட்டவணையில் அடங்காது. ஜூனில் நடந்த பாடத்தை ஜூலைக் கடைசியில் அரை மணி நேரம் தொட்டுவிட்டால், மார்ச்சில் அது புதுப் பாடம் போல மிரட்டாது.

சொற்களுக்கும் ஆண்டுகளுக்கும் சூத்திரங்களுக்கும் செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மன் பத்திரிகையாளர் 1970-களில் பிரபலமாக்கிய டப்பா முறை நல்லது. பழைய கல்யாணப் பத்திரிகைகளைச் சீட்டுகளாக வெட்டி, ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் விடை எழுதுங்கள். ஸ்வீட் டப்பா மூன்று போதும். முதல் டப்பா தினமும், இரண்டாவது மூன்று நாளுக்கு ஒரு முறை, மூன்றாவது வாரம் ஒரு முறை. சரியாகச் சொன்ன சீட்டு அடுத்த டப்பாவுக்குப் போகும். தப்பாகச் சொன்னால் எந்த டப்பாவிலிருந்தாலும் முதல் டப்பாவுக்கு வந்துவிடும்.

மகள் வீட்டில் கணக்கு எல்லாம் சரியாகப் போடுகிறாள். தேர்வில் எந்தச் சூத்திரம் என்று தெரியாமல் தவிக்கிறாள். பயமா?

பயமும் இருக்கலாம். ஆனால் பெரும்பாலும் காரணம் பயிற்சியின் அமைப்பில் இருக்கிறது. நான் மிகத் தாமதமாகக் கற்ற பாடம் இது.

பத்தாம் வகுப்பு அளவியலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பயிற்சியில் வளைபரப்பு, அடுத்ததில் கன அளவு. பயிற்சி 7.2-ஐத் திறந்தாலே "இங்கே வருவதெல்லாம் கன அளவு" என்று தலைப்பே சொல்லிவிடுகிறது. உருளையா கூம்பா என்று பார்த்து எண்ணைப் போட்டால் விடை வந்துவிடும். எந்தச் சூத்திரம் என்று தேர்ந்தெடுக்கும் வேலையை அவள் ஒரு முறைகூடச் செய்யவில்லை. தேர்வுத்தாளில் தலைப்பு இருக்காது. "ஒரு கூடாரம் அமைக்க எவ்வளவு துணி தேவை?" என்று மட்டும் இருக்கும். பரப்பா, கன அளவா, அடிப்பக்கத்தைச் சேர்ப்பதா விடுவதா, எல்லாம் அவள் தலையில்.

தெற்கு ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் டக் ரோரரும் கெல்லி டெய்லரும் இதைச் சோதித்து 2007-இல் எழுதினார்கள். அதிகம் அறியப்படாத நான்கு திண்ம உருவங்களின் கன அளவைக் கல்லூரி மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு குழு வகைவாரியாகப் பயிற்சி செய்தது, இன்னொரு குழு நான்கையும் கலந்து செய்தது. பயிற்சியின்போது வகைவாரிக் குழு 89 சதவீதம் சரி, கலந்து செய்தவர்கள் 60 மட்டுமே. ஒரு வாரம் கழித்துத் தேர்வு: வகைவாரிக் குழு 20 சதவீதம், கலந்த குழு 63.

இந்த நான்கு எண்களை ஆசிரியர் அறைச் சுவரில் ஒட்டிவைக்கலாம் என்று எனக்குத் தோன்றும். பயிற்சி நேரத்தில் சறுக்கியவர்கள் கற்றிருக்கிறார்கள், தடுமாறாமல் போனவர்கள் கற்கவில்லை. வகுப்பில் எல்லோரும் சரியாகப் போட்டதும் "பாடம் முடிந்தது" என்று நான் மகிழ்ந்த நாட்கள் எத்தனையோ.

வீட்டில் செய்ய வேண்டியது எளிது. முடித்த பாடங்களிலிருந்து ஆறு கணக்குகளை எடுத்து, பயிற்சி எண் இல்லாமல் ஒரு தாளில் கலந்து எழுதுங்கள். முதலில் அவள் விடை போட வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் எதிரே எந்த வழி, ஏன் என்று மட்டும் எழுதட்டும். முதல் வாரம் மார்க் குறைவது போலத் தெரியும், பதறாதீர்கள். புத்தம்புதிய பாடத்துக்கு மட்டும் முதலில் நாலைந்து கணக்கை ஒரே வகையில் போட்டுப் பழகுவது தேவை. அதற்கப்புறம் கலந்துவிடலாம்.

மனப்பாடம் செய்வது கெட்டதா? "புரிந்து படி, மனப்பாடம் வேண்டாம்" என்கிறார்களே.

இரண்டையும் எதிரெதிராக நிறுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை.

நாம் ஒரே நேரத்தில் மனதில் பிடித்துவைத்து வேலை செய்யக்கூடியது மிகக் கொஞ்சம். உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956-இல் அது ஏழு விஷயம், கூடக்குறைய இரண்டு என்றார். நெல்சன் கோவன் 2001-இல் அதை இன்னும் குறைத்து ஏறக்குறைய நான்கு என்றார். ஏழும் எட்டும் பெருக்கினால் எத்தனை என்று விரல் விட்டு எண்ணும் பிள்ளைக்கு அந்த நான்கு இடங்களும் அதிலேயே நிரம்பிவிடும். பின்னக் கணக்கின் அடுத்த படி என்ன என்று யோசிக்க இடமே இருக்காது. வாய்ப்பாடு தானாக வரும் பிள்ளைக்கு அந்த இடம் காலியாக இருக்கும். வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்யச் சொல்வது அந்த இடத்தைக் காலி செய்து கொடுப்பதற்காகத்தான்.

சதுரங்கத்தில் இதை அழகாகப் பார்க்கலாம். வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் 1973-இல் எழுதிய ஆய்வில், நிஜ ஆட்டத்தின் நடுவிலிருந்து எடுத்த பலகையை ஐந்து நொடி காட்டினார்கள். தேர்ந்த ஆட்டக்காரர் பெரும்பாலான காய்களை அப்படியே திரும்ப வைத்தார், புதியவர் நாலைந்து காயோடு நின்றுவிட்டார். காய்களை இஷ்டத்துக்குக் கலைத்து வைத்துக் காட்டியபோது தேர்ந்தவரின் முன்னிலை ஏறக்குறைய காணாமல் போனது. அவருக்கு இருப்பது அசாதாரண ஞாபகசக்தி இல்லை. ஆயிரமாயிரம் அமைப்புகள் மனதில் ஏற்கெனவே கிடப்பதால், பல காய்களை அவர் ஒரே துண்டாகப் பார்க்கிறார். அறிவு நிறைய நிறைய, யோசிப்பது சுலபமாகிறது.

பொருள் தெரியாமல் கட்டுரையை வரிவரியாக உருப்போடுவது வேறு விஷயம். அங்கே ஒரு வரியைப் பிடித்துத்தான் அடுத்த வரி தொங்குகிறது. நடுவில் ஒரு சொல் அறுந்தால் பிள்ளை அங்கேயே நின்றுவிடும், மேலே போக வேறு வழி இருக்காது. பிரான்ஸ்ஃபோர்டும் ஜான்சனும் 1972-இல் ஒரு பத்தியை மாணவர்களுக்கு வாசித்துக் காட்டினார்கள். சொற்கள் எல்லாம் எளியவை, ஆனால் எதைப் பற்றியது என்றே பிடிபடாது. "துணி துவைப்பது" என்ற தலைப்பை முன்பே சொல்லிவிட்டு வாசித்தபோது புரிதலும் கூடியது, நினைவும் கூடியது. தலைப்பைப் பின்னால் சொன்னபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. ஆகவே உருப்போடும் முன் "இது எதைப் பற்றி?" என்று உங்கள் பிள்ளையைக் கேளுங்கள். சொல்லத் தெரியவில்லை என்றால் இன்னும் உருப்போடும் நேரம் வரவில்லை.

இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். இன்னும் எழுத்துக்கூட்டித்தான் தமிழ் வாசிக்கிறாள். பயப்பட வேண்டுமா?

அந்த வயதில் எழுத்துக்கூட்டுவது இயல்பு. தமிழில் 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம் என 247 எழுத்துகள். ஆங்கிலத்தின் 26-ஐக் கற்கும் வேகத்தை இதற்கு அளவுகோலாக வைக்க முடியாது. அது போதாதென்று, க என்ற ஒரே எழுத்து கடல், தங்கம், பகல் மூன்றிலும் மூன்று விதமாக ஒலிக்கிறது. வீட்டில் "வந்துச்சு" என்று பேசும் பிள்ளை புத்தகத்தில் "வந்தது" என்று பார்க்கிறாள். நமக்கு இது ஒன்றுமே இல்லை, அவளுக்கு இரண்டு வேலை.

எழுத்துக்கூட்டும்போது சொல்லின் கடைசிக்கு வருவதற்குள் முதல் எழுத்து மனதிலிருந்து நழுவிவிடும். வாக்கியத்தின் பொருளுக்கு எங்கே போவாள்? அதனால் தெரிந்த கதையை, சின்னப் பகுதியை, இரண்டு மூன்று முறை வாய்விட்டு வாசிக்க விடுங்கள். நீங்கள் ஒரு வரி, அவள் ஒரு வரி. மறுவாசிப்பை மேலே குறைசொன்னேன், ஆனால் இங்கே நோக்கம் வேறு. பாடத்தை நினைவில் வைப்பதற்காக அவள் வாசிக்கவில்லை, கண்ணும் வாயும் பழகுவதற்காக வாசிக்கிறாள். அதற்கு இது நல்ல வழி.

மூன்றாம் வகுப்பு முடியும்போதும் பழக்கமான சின்னச் சொற்களில்கூடத் தடுமாறினால், எழுத்துகளை அடிக்கடி மாற்றிப்போட்டால், பேச்சில் கெட்டிக்காரியாக இருந்தும் வாசிப்பு மட்டும் பின்தங்கினால், சிறப்புக் கல்வியாளரிடம் காட்டுங்கள். முதலில் கண்ணையும் காதையும் பரிசோதித்துவிடுங்கள். சோம்பேறி என்று பெயர் வைத்துவிட்டு இரண்டு ஆண்டு தாமதித்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகள் அதற்குள் தங்களைப் பற்றி என்ன நம்பிவிடுகிறார்கள் என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது.

என் பையன் பார்த்துக் கற்கும் வகை, காதால் கேட்டால் ஏறாது என்று ஒரு பயிற்சி மையத்தில் சொன்னார்கள். உண்மையா?

இல்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு விருப்பம் இருக்கலாம். ஆனால் அந்த விருப்பத்துக்கு ஏற்பப் பாடம் நடத்தினால் கற்றல் கூடுகிறது என்பதற்குத் தகுந்த ஆதாரம் இல்லை என்று ஹெரால்ட் பாஷ்லர் தலைமையில் நான்கு உளவியலாளர்கள் 2008-இல் ஆய்வுகளை அலசிச் சொன்னார்கள். வரைபடத்தை எல்லோரும் பார்த்துத்தான் கற்க வேண்டும், உச்சரிப்பை எல்லோரும் கேட்டுத்தான் கற்க வேண்டும். வழியைத் தீர்மானிப்பது பாடத்தின் இயல்பு. இதற்கென்று சோதனைக்கும் பயிற்சிக்கும் பணம் கட்டாதீர்கள்.

மூளையில் பத்து சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறோம் என்பதையும் கேட்கிறார்கள். அதுவும் பொய்.

வீட்டுப்பாடத்தில் நான் எவ்வளவு உதவலாம்? விட்டால் அழுகிறான், உட்கார்ந்தால் எல்லாம் நானே செய்கிறேன்.

லெவ் வைகோட்ஸ்கி என்ற ரஷ்ய உளவியலாளர் காசநோயால் 37 வயதில், 1934-இல் இறந்துபோனார். அவர் விட்டுச்சென்ற எண்ணம் ஒன்று உங்களுக்கு உதவும். ஒரு பிள்ளை தனியாகச் செய்யக்கூடியது ஒரு எல்லை. தெரிந்தவர் ஒருவர் கூட இருந்தால் செய்யக்கூடியது அதற்கு மேலே இன்னொரு எல்லை. கற்றல் நடப்பது இந்த இரண்டுக்கும் நடுவில். தனியாகவே முடிவதில் உட்கார்ந்து உதவினால் பயனில்லை. உதவினாலும் முடியாததை நீங்கள் செய்து கொடுத்தாலும் பயனில்லை.

1976-இல் ஜெரோம் ப்ரூனர் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் இந்த மாதிரி உதவிக்குச் சாரம் என்ற உவமையைச் சொன்னார்கள். கட்டடம் நிற்கும்வரை கட்டி, நின்றதும் அவிழ்க்கிற சாரம்தான். முதல் கணக்கை நீங்கள் சத்தமாக யோசித்துப் போட்டுக் காட்டுங்கள். இரண்டாவதில் கடைசிப் படியை மட்டும் அவனிடம் விடுங்கள். மூன்றாவதில் முதல் படி மட்டும் உங்களுடையது. நான்காவதில் எழுந்து போய்விடுங்கள், அடுப்பில் ஏதாவது வேலை இருக்கும்.

"நீ ரொம்ப புத்திசாலி" என்று பாராட்டலாமா?

அன்பாகச் சொல்வதை யாரும் தடுக்க முடியாது. ஆனால் ஒரு கணக்கு சரியாக வந்ததும் அதையே சொல்வதில் சிக்கல் இருக்கிறது. முல்லரும் கேரல் டுவெக்கும் 1998-இல் வெளியிட்ட சோதனைகளில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் சிலரைப் புத்திசாலி என்றும், சிலரை நன்றாக உழைத்தாய் என்றும் பாராட்டினார்கள். புத்திசாலி என்று பெயர் வாங்கியவர்களில் அதிகமானோர் அடுத்ததாகச் சுலபமான வேலையைத் தேர்ந்தெடுத்தார்கள். கடினமான ஒன்றில் தோற்ற பிறகு அவர்கள் முன்பைவிட மோசமாகச் செய்தார்கள். கொடுத்த பட்டத்தைக் காப்பாற்றும் கவலை அவர்களுக்கு வந்துவிட்டது.

ஆனால் "உழைத்தால் அறிவு வளரும்" என்ற மனப்பான்மையை ஊட்டினால் எல்லாம் மாறிவிடும் என்று விற்கப்படும் பயிற்சிகளை அப்படியே நம்பாதீர்கள். அமெரிக்காவில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் ஏறத்தாழ 12,000 பேரிடம் நடந்து 2019-இல் வெளிவந்த ஆய்வில், பின்தங்கிய மாணவர்களின் மதிப்பெண் நான்கு புள்ளி அளவில் 0.1 புள்ளிதான் கூடியது. பலன் உண்டு, சிறியது. பிள்ளை செய்ததை எடுத்துச் சொல்லுங்கள்: "அந்த இடத்தில் தப்பு என்று நீயே கண்டுபிடித்துத் திருத்தினாயே." அது போதும்.

நண்பர்களோடு சேர்ந்து படிக்கப் போகிறேன் என்கிறாள். அரட்டைதான் நடக்கும் என்று தோன்றுகிறது.

அரட்டையும் நடக்கும். அதற்காகத் தடுக்காதீர்கள். ஆளுக்கொரு பகுதியை எடுத்துக்கொண்டு மற்றவர்களுக்கு நடத்த வேண்டும் என்று ஒரே ஒரு நிபந்தனை வையுங்கள். அடுத்தவருக்குச் சொல்லும்போதுதான் தனக்கு எங்கே புரியவில்லை என்பது நாக்கு தடுக்கும் இடத்தில் தெரியும்.

நம்மிடம் இது பழைய அறிவு. பவணந்தி முனிவரின் நன்னூல் ஓர் இலக்கண நூல்தான், ஆனால் அதன் முன்னுரையான பாயிரம் எப்படிக் கற்க வேண்டும் என்றும் பேசுகிறது. பாடத்தைப் போற்றுதல், கேட்டதை நினைத்துப் பார்த்தல், உடன் பயில்வோரோடு பழகுதல், வினவுதல், வினவியதற்கு விடை சொல்லுதல் என்று அடுக்குகிறது. ஆசிரியர் சொன்னதை நன்றாகக் கேட்டுக்கொண்டாலும் கால் பங்குதான் வருமாம். உடன் கற்பவர்களோடு பழகினால் இன்னொரு கால். மீதி அரைப் பங்கு, பிறருக்கு விரித்துச் சொல்லும்போது. அந்தப் பங்குகளை யாரும் அளந்து பார்த்ததில்லை என்றாலும், கேட்டவை நினைத்தல் என்ற இரண்டு சொற்களில் ரோடிகரின் சோதனைக்கூடமே இருப்பதாக எனக்குத் தோன்றும்.

சென்னை எழும்பூரில் ஒரு கதை நடந்திருக்கிறது. 1789-இல் அங்கிருந்த அநாதைப் பிள்ளைகள் இல்லத்துக்கு ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் பொறுப்பேற்றார். உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டார். அதைத் தன் இல்லத்தில் கொண்டுவந்து, மூத்த பிள்ளையை இளைய பிள்ளைக்குக் கற்பிக்க விட்டார். 1797-இல் லண்டனில் அதைப் பற்றி எழுதினார். அந்த முறை மெட்ராஸ் முறை என்ற பெயரிலேயே இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளுக்குப் போனது.

விடியற்காலை நான்கு மணிக்கு எழுப்பிவிடுவது நல்லதா?

எத்தனை மணிக்குப் படுத்தான் என்று முதலில் சொல்லுங்கள். பதின்மூன்று வயதும் அதற்கு மேலும் ஆன பிள்ளைக்கு எட்டு மணி நேரத்துக்குக் குறையாத தூக்கம் வேண்டும். ஒன்பதும் அதிகமில்லை. ஜென்கின்ஸும் டாலன்பாக்கும் 1924-இலேயே, படித்ததும் தூங்கியவர்கள் விழித்திருந்தவர்களைவிடக் குறைவாக மறந்ததைக் காட்டிவிட்டார்கள். அன்று கற்றதை மூளை தூக்கத்தில்தான் உறுதிப்படுத்துகிறது. எட்டரைக்குப் படுத்து நான்கரைக்கு எழுந்தால் அருமை. பதினொன்றுக்குப் படுத்தவனை நான்குக்கு எழுப்பினால், நேற்றுப் படித்ததைப் பிடுங்கிக்கொண்டு இன்றைக்குப் புதிதாகக் கொடுக்கிறீர்கள்.

எனக்கு 43 வயது. வேலைக்காக டேலி என்ற கணக்கு எழுதும் மென்பொருளைக் கற்கப் போயிருக்கிறேன். பக்கத்தில் இருபது வயதுப் பிள்ளைகள் வேகமாகப் போகிறார்கள். என் மூளைக்கு இனி ஏறுமா?

ஏறும். லண்டனில் டாக்ஸி உரிமம் வாங்க, நகரின் நடுவைச் சுற்றிய ஆறு மைலுக்குள் இருக்கும் சுமார் 25,000 தெருக்களை மனதில் வைத்திருக்க வேண்டும். பெரியவர்கள், பல ஆண்டு உழைத்து, அதைக் கற்கிறார்கள். எலினார் மெக்வயரும் கேத்தரின் வுல்லெட்டும் இப்படிப் பயிற்சி எடுத்தவர்களைத் தொடர்ந்து படம்பிடித்து 2011-இல் எழுதினார்கள். தேறியவர்களின் மூளையில், நினைவுக்கு அடிப்படையான ஹிப்போகாம்பஸின் பின்பகுதி பயிற்சிக்கு முன் இருந்ததைவிடப் பெருத்திருந்தது.

வேகம் வயதோடு குறைவது உண்மை. ஆனால் உங்களிடம் அந்தப் பிள்ளைகளிடம் இல்லாதது ஒன்று இருக்கிறது. பற்று, வரவு, கடன், பாக்கி எல்லாம் குடும்பம் நடத்தியே உங்களுக்குத் தெரியும். சதுரங்கக்காரரைப் போல, உங்களுக்கு அமைப்பு ஏற்கெனவே இருக்கிறது, பெயர்கள்தான் புதிது. வகுப்பு முடிந்து பஸ்ஸில் வரும்போது நோட்டைத் திறக்காமல் இன்று செய்த பதிவுகளை வரிசையாக மனதில் ஓட்டிப் பாருங்கள்.

இதெல்லாம் சரி. நாளைக் காலை தேர்வு. இப்போது ராத்திரி ஏழு மணி. என்ன செய்வது?

புதுப் பாடம் எதையும் தொட வேண்டாம். ஒரு தாளை எடுத்து, பாடத் தலைப்புகளை மட்டும் நினைவிலிருந்து எழுதட்டும். ஒவ்வொன்றுக்கும் கீழே மூன்று விஷயம். எழுத வராத தலைப்பு இரண்டோ மூன்றோ இருக்கும், அவற்றுக்கு மட்டும் புத்தகத்தைத் திறக்கட்டும். எட்டரைக்குச் சாப்பாடு. சாப்பிட்ட பிறகு அதே தாளின் பின்பக்கத்தில் அந்த இரண்டு மூன்று தலைப்பையும் பார்க்காமல் மறுபடி எழுதட்டும். ஒன்பதரைக்கு விளக்கை அணைத்துவிடுங்கள். காலையில் பல் துலக்கி வந்ததும், புத்தகத்தைக் கையில் கொடுக்கும் முன்னால், ராத்திரி தடுமாறிய தலைப்பை ஒரு தடவை வாயால் கேளுங்கள்.